எட்டைப் பூஜ்யமாக்கும் அச்சுப்பொறி

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைகளிலும், தேனி மண்டிகளிலும், லாரி புக்கிங் ஆபீஸ்களிலும் பில் போடும் இடத்தில் சற்று நின்று கவனித்தால், "கிர்ர்... கிர்ர்..." என்று தகரத்தைப் பிறாண்டுவது போன்ற ஓர் ஓசை இன்னும் சில இடங்களில் காதில் விழும். ஓசையில்லாத லேசர் பிரிண்டரும், வண்ண வண்ணமாக அச்சிடும் இங்க்ஜெட் பிரிண்டரும் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட இக்காலத்திலும் அந்தப் பழைய பொறி வேலையை விட்டு நிற்கவில்லை. அதன் பெயர் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். புள்ளி அச்சுப்பொறி என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ரயில் முன்பதிவுச் சீட்டிலும் வங்கிப் பாஸ் புத்தகத்திலும் அதன் புள்ளி எழுத்துகளை நம் பெற்றோர் பார்த்திருப்பார்கள்.

வயதான பொறியாயிற்றே, அச்சு மங்குவது இயற்கைதானே என்று எண்ணிப் பலரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்துவிட்டுப் பையில் மடித்து வைத்துவிடுகிறார்கள். ஆனால் மங்கிய அச்சு சில சமயம் கணக்கையே மாற்றிவிடும். அது எப்படி என்பதையும், தாளைப் பார்த்தே பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

முதலில், இந்தப் பொறியை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்? காரணம் கார்பன் தாள். சரக்கு விற்கும் வியாபாரி ஜி.எஸ்.டி. விதிப்படி பில்லை மூன்று பிரதிகளாகத் தயாரிக்க வேண்டும். முதல் பிரதி வாங்குபவருக்கு, இரண்டாவது சரக்கை ஏற்றிச் செல்பவருக்கு, மூன்றாவது விற்பவருக்கு. லேசர் பிரிண்டரும் இங்க்ஜெட்டும் தாளை அழுத்துவதில்லை. ஆகவே அவை ஒரு நேரத்தில் ஒரு தாளைத்தான் அச்சிடும். புள்ளி அச்சுப்பொறியோ நம் பழைய டைப்ரைட்டரைப் போலத் தாளைத் தட்டி எழுதுகிறது. இடையில் கார்பன் வைத்த மூன்று தாள்களும் ஒரே தட்டில் எழுதப்பட்டுவிடுகின்றன. ரிப்பன் விலையும் குறைவு.

1980இல் ஜப்பான் நாட்டு எப்சன் நிறுவனம் எம்.எக்ஸ்.80 என்ற பொறியை வெளியிட்டது. நொடிக்கு 80 எழுத்துகள் அச்சிட்ட அந்தப் பொறி உலகமெங்கும் பரவியது; பின்னர் வந்த பல கம்பெனிகளின் பொறிகளும் அது புரிந்துகொண்ட கட்டளைகளையே பின்பற்றின. நம் நாட்டில் எப்சனுடன் விப்ரோ பொறிகளும், மதுரையில் பஸ் போக்குவரத்தில் தொடங்கி வளர்ந்த டி.வி.எஸ். குழுமத்தின் எம்.எஸ்.பி. பொறிகளும் பெயர் பெற்றன. எந்தக் கம்பெனியாயினும் உள்ளே நடக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றே.

பொறியின் மூடியைத் திறந்தால், இடமும் வலமுமாக ஒரு தண்டின் மேல் ஓடும் சிறிய உலோகத் துண்டு தெரியும். அதுவே ஹெட். அதன் மூக்கில் செங்குத்தாக ஒன்றன்கீழ் ஒன்றாக 9 ஊசிகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஊசியும் தலைமுடியைவிடப் பருமனானது, குண்டூசியைவிட மெல்லியது, சுமார் 0.3 மில்லிமீட்டர் கனம். அடுத்தடுத்த ஊசிகளுக்கு இடையே ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு தூரம். ஒவ்வோர் ஊசிக்கும் பின்னால் ஒரு மின்காந்தம் உண்டு. மின்சாரம் பாய்ந்ததும் ஊசி முன்னால் பாய்ந்து ரிப்பனைத் தட்டும். ரிப்பன் தாளில் பட்டு ஒரு புள்ளி விழும். உடனே ஊசி பின்வாங்கிவிடும். ஹெட் ஒரு வரி ஓடி முடிப்பதற்குள் இது ஆயிரக்கணக்கான முறை நிகழ்கிறது. நாம் கேட்கும் "கிர்ர்" என்பது இந்தத் தட்டல்களின் கூட்டோசையே. இன்னும் திருத்தமாக அச்சிடும் 24 ஊசிப் பொறிகளும் உண்டு. பாஸ் புத்தகம் அச்சிட வங்கிகள் பெரும்பாலும் அவற்றையே வைத்துக்கொள்கின்றன.

மாணவியரே! இப்போது உங்கள் கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அகலத்தில் 5 கட்டமும் உயரத்தில் 7 கட்டமும் கொண்ட ஒரு சதுக்கம் வரையுங்கள். சாதாரண எழுத்துகளையும் எண்களையும் மேலிருந்து 7 ஊசிகளே எழுதுகின்றன. கீழே உள்ள இரண்டும் ஆங்கிலத்தில் ஜி, ஒய் போன்ற எழுத்துகளின் வாலுக்கும் அடிக்கோட்டுக்கும் பயன்படுகின்றன. எட்டு என்ற எண்ணை எழுத, முதல் வரிசையில் நடுக்கட்டங்கள் மூன்றையும் கருப்பாக்குங்கள். 2, 3ஆம் வரிசைகளில் இரு ஓரக் கட்டங்கள். 4ஆம் வரிசையில் மறுபடி நடுக்கட்டங்கள் மூன்று. இதுதான் எட்டின் இடுப்பு. 5, 6ஆம் வரிசைகளில் இரு ஓரங்கள். 7இல் நடுக்கட்டங்கள் மூன்று. எட்டு வந்துவிட்டதா? அதன் பக்கத்தில் பூஜ்யத்தை எழுதுங்கள். 4ஆம் வரிசையில் மட்டும் நடுக்கட்டங்களுக்குப் பதிலாக இரு ஓரங்களைக் கருப்பாக்கினால் போதும். மற்ற ஆறு வரிசைகளும் அச்சு அசலாக எட்டேதான்.

இனி 4ஆம் வரிசையை இரண்டிலும் ரப்பரால் அழித்துவிடுங்கள். எது எட்டு, எது பூஜ்யம்?

பொறியில் நான்காவது ஊசி ஒடிந்துபோனால் நேர்வது இதுவே. எட்டும் பூஜ்யமும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டின் இடுப்பிலும் மெல்லிய வெள்ளைக் கீற்று இருக்கும். நம் கண்ணோ அந்தக் கீற்றை நிரப்பிக்கொண்டு இரண்டையும் பூஜ்யமாகவே படித்துவிடும். கார்பனில் விழுந்த மூன்றாவது பிரதியில் புள்ளிகள் பரவிக் கிடப்பதால் கீற்றும் தெரிவதில்லை.

ஒரு விவசாயி 62.8 கிலோ ஏலக்காயைக் கிலோ 2,800 ரூபாய் வீதம் விற்றார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சேர வேண்டியது 1,75,840 ரூபாய். நான்காவது ஊசி ஒடிந்த பொறியில் அடித்த பில்லில் 62.0 கிலோ, விலை 2,000, தொகை 1,75,040 என்று இருக்கும். கம்ப்யூட்டரின் கணக்கில் எந்தத் தவறும் இல்லை. தாளில் மட்டும் 800 ரூபாய் காணாமல் போயிருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் 62ஐ 2,000ஆல் பெருக்க 1,24,000தான் வருகிறது, ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். ஆனால் மலையிலிருந்து இறங்கி வந்து, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பில்லை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் பெருக்கிப் பார்க்கிறார்கள்? கூட வரும் பிள்ளைகள் நீங்கள் பார்க்கலாம்.

எட்டோடு போகவில்லை. கழித்தல் குறி என்பது ஒரே வரிசையில் விழும் சிறு கோடு. அதுவும் பெரும்பாலும் அந்த நான்காவது ஊசியின் வேலைதான். அந்த ஊசி போனால் கழித்தல் குறி அடியோடு மறைகிறது. கணக்கில் நாம் கொடுக்க வேண்டிய பாக்கி, நமக்கு வரவேண்டிய இருப்பாகக் காட்சி தரும். எண்களின் அடிவரிசையை எழுதும் ஊசி தேய்ந்தாலோ தசமப் புள்ளி மங்குகிறது. 48.6 கிலோவுக்கும் 486 கிலோவுக்கும் நடுவே நிற்பது அந்தத் துளிப் புள்ளிதான் அன்றோ!

இவ்வளவும் படித்தவுடன் அச்சு மங்கினால் ஊசி போய்விட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பத்துப் பொறிகளில் அச்சு மங்கினால் பெரும்பாலானவற்றில் குற்றவாளி ரிப்பனே. ஆகவே முதலில் ரிப்பனைப் பார்ப்போம்.

ரிப்பன் என்பது மை ஊறிய நைலான் நாடா. முனைகள் ஒட்டப்பட்டு முடிவில்லாத வளையமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் மடிந்து கிடக்கிறது. சில பெட்டிகளில் இந்த வளையத்தை ஒட்டும்போது ஒரு முனையைப் பாதித் திருப்பம் திருப்பி ஒட்டியிருப்பார்கள். ஒரு காகிதப் பட்டையை அவ்வாறு ஒட்டிப் பாருங்கள். அதற்கு ஒரே ஒரு பக்கந்தான் இருக்கும்! 1858இல் இதனை ஆராய்ந்த ஜெர்மானியக் கணித அறிஞர் மோபியஸின் பெயரால் அது மோபியஸ் பட்டை எனப்படுகிறது. அந்தத் திருப்பத்தினால் ஊசிகள் ஒரு சுற்றில் நாடாவின் மேல் பாதியையும் மறு சுற்றில் கீழ்ப் பாதியையும் தட்டுகின்றன. ஒரு நாடா இரண்டு நாடாக்களின் உழைப்பைத் தருகிறது.

பக்கம் முழுவதும் ஒரே சீராக வெளுத்திருந்தால் மை தீர்ந்த ரிப்பன் என்று பொருள். புதியது போட்டால் சரியாகும். முதல் சில வரிகள் கருப்பாக விழுந்து, போகப் போக வெளுத்து, மறுநாள் காலையில் மறுபடி முதல் வரிகள் மட்டும் கருப்பாக விழுந்தால் ரிப்பன் நகரவில்லை. ஊசிகள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் குத்துகின்றன. பெட்டியின் மேலுள்ள சிறு குமிழை அம்புக்குறி காட்டும் திசையில் மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். இறுகி நின்றால் உள்ளே நாடா சிக்கியிருக்கிறது. பெட்டியை மாற்றிவிடுவதே நல்லது. குமிழ் எளிதாகச் சுற்றியும் அச்சிடும்போது நாடா நகரவில்லையென்றால் பொறியிலுள்ள பல்சக்கரம் தேய்ந்திருக்கும். அது மெக்கானிக்கின் வேலை. எழுத்தின் மேல் பாதியோ கீழ்ப் பாதியோ அப்படியே வெட்டினாற்போல் காணாமல் போனால் நாடா மடிந்து கயிறாகிவிட்டது என்று அறியலாம். ஊசி ஒடிந்தால் மயிரிழைக் கீற்று. நாடா மடிந்தால் பாதி எழுத்து. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் வீணாக ஹெட்டுக்குச் செலவு செய்ய நேராது.

இங்கே ஒரு கெட்ட வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ரிப்பன் வெளுத்துவிட்டால் பெட்டியைத் திறந்து, ரப்பர் ஸ்டாம்புக்குப் போடும் மையை ஊற்றுவது. அல்லது மண்ணெண்ணெய் தெளிப்பது. அதுவும் இல்லையென்றால் தேங்காய் எண்ணெய்! ரிப்பன் மையில் கருமையோடு எண்ணெய்ப் பசையும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பசைதான் ஊசிகள் தம் துளைகளில் தடையின்றிச் சென்று வர உதவுகிறது. ஸ்டாம்பு மை காய்ந்து ஊசித் துளைகளில் பொருக்காக ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் என்ன செய்யும் என்பதை மார்கழி மாதக் காலையில் தலைக்கு எண்ணெய் எடுக்கப் போன எந்தப் பெண்ணும் அறிவாள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துபோகும். மேகமலையிலிருந்து குளிர் இறங்கும் நாட்களில் ஊசித் துளைக்குள் அது உறைந்து நின்றால், ஊசி வெளியே வந்தபின் உள்ளே போகாது. வெளியே நிற்கும் ஊசி நாடாவில் மாட்டிக்கொள்ளும். ஹெட் ஓடும் வேகத்தில் ஒடியும். சில ரூபாய் மிச்சப்படுத்தப் போய் ஆயிரக்கணக்கில் செலவு வரும் வழி இது. காய்ந்த ரிப்பனைத் தூக்கிப் போட மனமின்றி மாதக்கணக்கில் ஓட்டுவதும் ஏறக்குறைய அவ்வாறே. பசையில்லாத நாடா ஊசி முனைகளை அரத்தைப் போலத் தேய்க்கிறது.

புது ரிப்பன் போட்டும் அச்சு மங்கலாகவே இருக்கிறதா? ஹெட்டின் பக்கத்தில், பெரும்பாலும் உருளையின் ஓரத்தில், 0, 1, 2, 3 என்று எண்கள் குறித்த ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். தாளின் கனத்துக்கு ஏற்றபடி ஹெட்டுக்கும் உருளைக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் அமைந்தது அது. மூன்று தாள் பில் அடிப்பதற்காகத் தள்ளி வைத்ததை, ஒற்றைத் தாள் போடும்போது திருப்பி வைக்க மறந்தால் ஊசி தாளைச் சரியாகத் தொடாது, அச்சு வெளுக்கும். இதற்கு நேர்மாறானது இன்னும் கொடியது. அச்சு கருப்பாக விழ வேண்டும் என்று நெம்புகோலைக் குறைந்த எண்ணில் வைத்துக்கொண்டு மூன்று தாள்களைச் செலுத்தினால் நாடா தாளில் உரசி மை அப்பும், ஊசிகள் இடமின்றி வளையும். கருப்பு வேண்டுமென்று இடைவெளியைக் குறைப்பது மூன்றாவது பிரதியைத் தெளிவாக்கும் வழி ஆகாது. நல்ல ரிப்பனும் நல்ல கார்பனும்தான் வழி.

இடப்பக்கம் கருப்பாகவும் வலப்பக்கம் போகப் போக வெளுத்தும் இருந்தால், ஹெட் ஓடும் தண்டும் உருளையும் இணைகோடுகளாக இல்லை என்று பொருள். வடிவியல் பாடத்தில் இணைகோடுகளைப் படித்தீர்கள் அல்லவா? இங்கே அவை விலகினால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசமே கண்ணுக்குத் தெரிந்துவிடும். இதனை வீட்டில் திருத்த முயல வேண்டாம்.

எழுத்துகள் புள்ளி புள்ளியாகச் சற்று விலகித் தெரிந்தால், "டிராஃப்ட்" முறையில் பொறி இருக்கிறதா என்று பொத்தானைப் பார்க்க வேண்டும். வேகத்துக்காக ஒரே ஓட்டத்தில் அச்சிடும் முறை அது. "என்.எல்.க்யூ." முறைக்கு மாற்றினால் ஹெட் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை ஓடி, முதல் ஓட்டத்தின் இடைவெளிகளை இரண்டாவதில் நிரப்பும். இது பழுதே அன்று.

இனி ஊசிக்கு வருவோம். எல்லா வரிகளிலும், எல்லா எழுத்துகளிலும், ஒரே உயரத்தில் வெள்ளைக் கீற்று விழுகிறது. பழுது பொறியிலா, கம்ப்யூட்டரிலா, இரண்டையும் இணைக்கும் கேபிளிலா என்று எப்படி அறிவது? இதற்குப் பொறியிலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு, தாளைப் போட்டு, "லைன் ஃபீட்" பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே சுவிட்சைப் போட்டால், பெரும்பாலான பொறிகள் தாமாகவே தம் எழுத்துகளையெல்லாம் வரிசையாக அச்சிட்டுக் காட்டும். அந்தத் தாளிலும் கீற்று இருந்தால் பழுது பொறிக்குள். அந்தத் தாள் குறைவின்றி வந்தால் பொறியைக் குறை கூறுவதில் பயனில்லை. கேபிளையோ கம்ப்யூட்டரில் உள்ள அமைப்பையோ பார்க்க வேண்டும். டாக்டர் நோயாளியை மட்டும் தனியே அழைத்து விசாரிப்பது போன்ற சோதனை இது.

கீற்று பொறிக்குள்தான் என்று தெரிந்த பின்னும் மூன்று காரணங்கள் உண்டு. ஊசி ஒடிந்திருக்கலாம் அல்லது மைப் பொருக்கில் சிக்கியிருக்கலாம். ஊசிக்கு மின்சாரம் அனுப்பும் டிரான்சிஸ்டர் பழுதாகியிருக்கலாம். அல்லது ஹெட்டுக்குச் செல்லும் தட்டையான நாடாக் கேபிளில் ஓர் இழை அறுந்திருக்கலாம். இந்தக் கேபிள் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முறை வளைந்து நிமிர்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் வளைவு! ஒரே இடத்தில் கம்பியை மடக்கி நிமிர்த்தினால் ஒடிவதைப் போல இதுவும் ஒடிகிறது. ஆனால் கேபிள் தன் பழுதைத் தாளில் சொல்லிவிடும். ஹெட் ஒரு பக்கம் இருக்கையில் அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டும், மறுபக்கம் செல்லுகையில் பிரிந்தும் நிற்பதால், கீற்று தாளின் ஒரு பாதியில் மட்டும் விழும். முழு வரியிலும் விழுந்தால் ஊசியின் மீது சந்தேகம் கொள்ளலாம். பாதி வரியில் விழுந்தால் கேபிள்தான். ஹெட்டை மாற்றுவதை ஒப்பிட்டால் கேபிளுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

ஊசி சிக்கியிருந்தால் அதை விடுவிக்கலாம். மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஹெட் நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அச்சிட்டு முடித்த ஹெட் கை சுடும் அளவுக்குக் கொதிக்கும். அதன் முதுகில் வரிவரியாக உள்ள உலோகத் தகடுகள் சூட்டை ஆற்றுவதற்காகவே அமைந்தவை. நீண்ட பட்டியல் அடிக்கும்போது பொறி தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டாலும் பயப்பட வேண்டாம். சூடு தணிவதற்காக அது செய்யும் ஏற்பாடு அது. ஆறிய ஹெட்டைக் கழற்றத் தெரிந்த பெரியவர் ஒருவர் கழற்றி, நூல் பிரியாத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து, ஊசிமுனை அதன்மேல் படுமாறு சிறிது நேரம் வைத்தால் பொருக்கு கரைந்து துணியில் கருமையாக இறங்கும். குண்டூசியால் குத்தக் கூடாது.

வெள்ளைக் கீற்றுக்குப் பதிலாகக் கருப்புக் கோடு விடாமல் விழுந்தால் மட்டும் யோசிக்காமல் சுவிட்சை அணையுங்கள். ஓர் ஊசி வெளியே நிற்கிறது. அதன் மின்காந்தத்துக்கு ஓயாமல் மின்சாரம் போய்க்கொண்டிருக்கவும் கூடும். சில நிமிடங்களில் அதன் சுருள் கருகிவிடும்.

கட்டம் போட்ட பட்டியல்களில் நேர்க்கோடு பாம்பைப் போல் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். ஹெட் ஒரு வரியை இடமிருந்து வலமாகவும் அடுத்த வரியை வலமிருந்து இடமாகவும் அச்சிடுகிறது. நம் ஊர் உழவர்கள் ஏர் ஓட்டித் திரும்புவதும் இப்படித்தான். போகும் வரியும் வரும் வரியும் ஒரு மயிரிழை விலகினால் கோடு நெளியும். ஒரே திசையில் மட்டும் அச்சிடும்படி மாற்றிப் பாருங்கள். நெளிவு மறைந்தால் இரு திசைகளையும் ஒத்துப்போகச் செய்யும் சரிசெய்தல் போதும். கையேட்டில் அதற்கான பொத்தான் வரிசை இருக்கும். அப்போதும் நெளிந்தால் ஹெட்டை இழுக்கும் பெல்ட் தளர்ந்திருக்கிறது.

தமிழில் அச்சிடுவோருக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. இந்தப் பொறிகளின் நினைவகத்தில் ஆங்கில எழுத்துகளின் வடிவங்கள் இருக்கின்றன. தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் இல்லை. இந்திய மொழிகளுக்காகக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் உருவாகி, பின்னர் புனேயிலுள்ள சி-டாக் நிறுவனம் பரப்பிய ஜிஸ்ட் அட்டை 1980களிலேயே இதற்கு வழி செய்தது. இன்று கம்ப்யூட்டரே தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து, அந்தப் படத்தைப் பட்டை பட்டையாக வெட்டி அனுப்புகிறது. வழக்கமாக ஒரு பட்டைக்கு 8 ஊசிகள். அதனால்தான் தமிழ்ப் பக்கம் மெதுவாக அச்சாகிறது. ஓர் ஊசி ஒடிந்தால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்கு ஒரு முறை வெள்ளைக் கீற்று விழும். ஆங்கிலத்தில் எல்லா வரியிலும் ஒரே உயரத்தில் விழுந்த கீற்று, இங்கே ஒரு வரியில் எழுத்தின் வயிற்றிலும், அடுத்த வரியில் காலிலும், மற்றொன்றில் தலைக்கு மேலும் விழும். தலைக்கு மேல் விழும்போது போவது எது தெரியுமா? மெய்யெழுத்தின் புள்ளி! "அன்னம்" என்ற பெயர் "அனனம" ஆகும். பழைய ஓலைச் சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியிட மாட்டார்கள். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். படிப்பவர் பொருள் உணர்ந்து புள்ளியைச் சேர்த்துக்கொண்டார். சான்றிதழைப் பார்த்துப் பெயரை மற்றொரு பதிவேட்டில் எழுதும் குமாஸ்தாவிடம் அதை எதிர்பார்க்க முடியுமா? ஆகவே தமிழில் பெயர்ப் பட்டியல் அடிக்கும் அலுவலகங்கள் கீற்று விழும் பொறியை ஒரு நாளும் வைத்துக்கொள்ளக் கூடாது. எழுத்துகளின் அளவைச் சற்றுப் பெரிதாக வைப்பதும் நல்லது. ண, ன ஆகியவற்றின் சுழிகள் சிறிய அளவில் மையால் அடைபட்டு ஒன்றுபோல் தோன்றுகின்றன.

கம்பம் பள்ளத்தாக்கில் பொறிக்கு மற்றொரு பகை காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மலைக் கணவாய் வழியே இறங்கி வரும் மேற்குக் காற்று புழுதியையும் அள்ளிக்கொண்டு வருகிறது. அந்தப் புழுதியோடு தாளிலிருந்து உதிரும் நாரும் சேர்ந்து ஹெட் ஓடும் தண்டில் பசையாகப் படிகிறது. வாரம் ஒரு முறை உலர்ந்த துணியால் தண்டைத் துடைத்து, வேலை முடிந்ததும் பொறியைத் துணியால் மூடி வைக்க வேண்டும். சன்னலோரம் வைக்கவே கூடாது. துடைக்கும்போதே ரப்பர் உருளையையும் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். உருளையில் குழிகள் விழுந்திருந்தால் தாளில்லாமல் அச்சிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் குழிகளின் மேல் வரும் எழுத்துகள் எப்போதும் வெளுத்தே விழும்.

பொறியில் பூஜ்யத்தின் குறுக்கே சாய்கோடு போடும் வசதி இருந்தால் அதை அமைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கோடு நடு வரிசைக்கு மேலும் கீழும் செல்வதால், ஓர் ஊசி போனாலும் பூஜ்யம் பூஜ்யமாகவே தெரியும். அதோடு தினமும் காலையில் முதல் பில் போடும் முன், 8, 0, கழித்தல் குறி, தசமப் புள்ளி, ஓர் அடிக்கோடு ஆகியவை கொண்ட ஒற்றை வரியை வேண்டாத தாளில் அடித்துப் பார்க்கலாம். அரை நிமிடம் ஆகாது.

ஊசி உண்மையிலேயே ஒடிந்துவிட்டால் ஹெட் முழுவதையும் மாற்றுவது ஒரு வழி. ஒடிந்த ஊசியை மட்டும் மாற்றித் தரும் கைதேர்ந்த மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அவரிடம் கொடுத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய எட்டு ஊசிகளும் தேய்ந்து குட்டையாகியிருக்கும். புதிய ஊசி மட்டும் நீளமாக நிற்கும். அதை மற்றவற்றோடு சமமாகத் தேய்த்துவிடாமல் பூட்டினால் ஒரே வாரத்தில் நாடாவைக் கிழித்து, மறுபடி ஒடிந்து போகும். பணம் கொடுக்கும் முன் அவர் எதிரிலேயே அந்த ஒற்றை வரியை, மூன்று தாள் வைத்து அடிக்கச் சொல்லி, மூன்றாவது தாளைப் படித்துப் பாருங்கள்.